செடியோடு வரும் களை: சுங்கை தெங்கா நாற்றுப்பண்ணை ஒன்றின் மதிப்புரை

சிங்கப்பூரின் சுவா சூ காங் வட்டாரத்தில், அலங்கார மீன் பண்ணைகளுக்கு அருகே, சுங்கை தெங்கா பகுதியில் இயங்கும் நாற்றுப்பண்ணை ஒன்றில் கடந்த ஓராண்டுக்கும் மேலாகப் பூச்செடிகளும் மண்ணும் கருவிகளும் வாங்கி வருகிறேன். நிறைகளோடு குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். நான் கவனித்த விஷயங்களை வாசகர்கள் எந்த நாற்றுப்பண்ணையிலும் கவனித்துப் பார்க்கலாம். என் கணக்கில் ஒரு செடிக்கடையின் தரத்தை இரண்டு செய்திகள் காட்டிவிடும்: தொட்டியின் மேல்மண்ணில் அழைக்காமல் முளைத்திருப்பது என்ன என்பது ஒன்று, ஒரு செடி நம்மோடு எத்தனை காலம் இருக்கும் என்பதைக் கடைக்காரர் நேர்மையாகச் சொல்கிறாரா என்பது மற்றொன்று. மலர்ந்திருக்கும் பூவை மட்டும் பார்த்து வாங்குகிறவர் இவ்விரண்டையும் வீட்டுக்கு வந்த பிறகே தெரிந்துகொள்கிறார்.

ஈசூனில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் தாழ்வாரத்தை ஒட்டி ஒரு வரிசைத் தொட்டிகள் இருக்கின்றன. அவசர காலத்தில் மக்கள் வெளியேற 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பதால் அந்த வரிசை ஒற்றை வரிசையாகவே இருக்க முடியும். இது தவிர, புளோக்கின் அருகே வசிப்போர் குழுவின் சமூகத் தோட்டத்தில் ஒரு பாத்தியையும் பார்த்துக்கொள்கிறேன். தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டு தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தின் வழியாக இப்படிப்பட்ட தோட்டங்கள் தீவெங்கும் பரவிவிட்டன. அவற்றுள் பலவற்றில் காய்கறிக்கே முதலிடம் தருகிறார்கள். என்னுடைய பாத்தியோ பூவுக்கானது. பூஜைக்குத் தேக்கா சந்தைப் பக்கம் போய்ப் பூ வாங்குவதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை, ஆயினும் விடிகாலையில் பறித்த பூவைச் சாமிக்கு வைப்பதில் உள்ள நிறைவு தனியானது.

இந்தக் கடையில் செடிகள் இரண்டு விதமாக வைக்கப்பட்டிருக்கின்றன. விலை கூடியவை இடுப்பளவு உயரமுள்ள கம்பி மேசைகளிலும், மலிவானவை தரையில் விரித்த கறுப்பு விரிப்பிலும் இருக்கின்றன. மேசைத் தொட்டிகளின் மேல்மண் பெரும்பாலும் சுத்தமாக இருக்கிறது. தரைத் தொட்டிகளிலோ கீழாநெல்லி, புளியாரை, அம்மான் பச்சரிசி, பாசியைப் போலப் படரும் குட்டி இலைப் பிலியா ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றாவது தவறாமல் இருக்கிறது. இவை கடையின் அலட்சியத்தால் மட்டும் வருபவை அல்ல. ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும், குளிர்காலமே இல்லாத ஒரு தீவில், திறந்த வெளியில் ஈரமாக இருக்கும் எந்த மண்ணும் சில வாரங்களில் பசுமையாகிவிடும். புளியாரையின் காய் முற்றியதும் வெடித்து விதையைச் சுற்றிலும் தெறிக்கிறது. கீழாநெல்லி இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் காய்களைத் தாங்கிக்கொண்டு, மேலிருந்து பார்ப்பவருக்கு வெறும் இலையாகவே தெரிகிறது. நெருக்கமாக அடுக்கப்பட்ட தரைத் தொட்டிகளில் ஒன்றில் முளைத்தது மற்றவற்றுக்குப் பரவ ஒரு மழை போதும்.

இங்கே வேலை செய்யும் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர், தரையில் இருந்த தொட்டி ஒன்றை நான் எடுத்தபோது, “அக்கா, மேல்மண்ணை ஒரு விரல்கடை இங்கேயே சுரண்டிப் போட்டுட்டுக் கொண்டுபோங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா மத்த தொட்டிக்கும் பரவிடும்” என்றார். தாமே ஒரு கரண்டியை எடுத்து மண்ணை வழித்து, அதன்மேல் புதிய மண்ணைத் தூவியும் கொடுத்தார். விற்பனைக்கு வைத்த பொருளின் குறையை வாங்க வந்தவரிடமே சொல்லி அதற்கு வழியும் காட்டுகிற பணியாளர் கிடைப்பது அரிது. இந்தக் கடைக்கு நான் திரும்பத் திரும்பப் போவதற்கு முதன்மையான காரணம் அவரே. மேல்மண்ணை நீக்குவது முழுத் தீர்வு என்று சொல்ல முடியாது. ஆனால் சிறிய விதையுள்ள களைகளில் பல, மண்ணின் மேற்பரப்பை ஒட்டிக் கிடக்கும் விதைகளிலிருந்தே முளைப்பதால், வேலையில் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடுகிறது.

கடையின் பெரிய குறை மண் மூட்டையில் இருக்கிறது. இங்கே மூன்று வகை மண் விற்கிறார்கள்: மலிவான தோட்டமண், தென்னைநார்த் தூளும் மக்கு உரமும் சேர்த்த தொட்டிக்கலவை, இந்த ஊர்த் தோட்டக்காரர்கள் பல காலமாகப் பயன்படுத்திவரும் சுட்டமண். பாத்தியின் மட்டத்தை உயர்த்த மலிவான தோட்டமண்ணை வாங்கி நிரப்பினேன். சில வாரங்களில் அதிலிருந்து ஈட்டி முனைபோலக் கோரை கிளம்பியது. மூட்டையில் மிச்சமிருந்த மண்ணைச் சலித்துப் பார்த்தபோது கறுத்த சிறு கிழங்குகள் கிடைத்தன. ஆகவே அது பாத்தியில் முன்பே இருந்த களை என்று சொல்ல இடமில்லை.

கோரையைப் பற்றி இங்கே சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் வீட்டுத் தோட்டக்காரர்கள் அதை மற்றக் களைகளைப் போலவே கையாளுகிறார்கள். கோரை பல்லாண்டுக் களை. மண்ணுக்கடியில் ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய தண்டு ஓடி அடுத்த கிழங்கை உண்டாக்குகிறது, அதிலிருந்து இன்னொன்று என்று சரம் நீள்கிறது. சரம் அறுபடாமல் இருக்கும்வரை பல கிழங்குகள் உறங்கியே கிடக்கின்றன. நாம் இலையைப் பிடித்து இழுக்கும்போது சரம் அறுந்து, உறங்கிய கிழங்குகள் ஒவ்வொன்றும் தனிச் செடியாக முளைக்கின்றன. வேகமாகப் பிடுங்கப் பிடுங்கக் கோரை கூடுகிறது என்று தோட்டக்காரர்கள் வருந்துவதற்கு உண்மையான காரணம் இதுதான். மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு போட்டாலும் அதன் கூர்மையான முளை துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். வினிகரை ஊற்றினால் இலை கருகும், கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. உப்பைப் போடுவதோ களையைவிட மண்ணையே கெடுத்துவிடும். உலகின் மிக மோசமான களைகளின் வரிசையில் கோரை முன்னிடத்தில் வைக்கப்படுவது இத்தனை காரணங்களால்தான்.

அதை அடக்க நடைமுறையில் எனக்குப் பலன் தந்த வழிகள் இரண்டு. மண்ணைப் புரட்டிக் கிழங்குகளைக் கையால் பொறுக்கி வெயிலில் நன்றாகக் காயவிடுவது முதலாவது. ஈரம் வற்றினால் கிழங்கு செத்துவிடும். மழைக்காலத்தில் இதைச் செய்து பயனில்லை. கோரைக்கு நிழல் ஆகாது என்பதைப் பயன்படுத்திக்கொள்வது இரண்டாவது. அது முழு வெயிலில் செழிக்கும் செடி என்பதால், அடர்ந்த இலையுள்ள பயிரின் கீழே அது நலிந்துவிடுகிறது. பாத்தியின் ஒரு பாதியில் வள்ளிக்கிழங்குக் கொடியைப் படரவிட்டேன், அந்தப் பாதியில் கோரை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. வெறுமையாக விட்ட பாதியில் குறையவே இல்லை.

கடைக்காரப் பெண்மணியிடம், அவரை எல்லாரும் ஆன்ட்டி என்றே அழைக்கிறோம், சலித்தெடுத்த கிழங்குகளைக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை, பிரிக்காத மூட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு அதே மதிப்புக்குச் சுட்டமண் கொடுத்தார். பெருந்தன்மையான செயல்தான். எனினும் அந்தத் தோட்டமண் இன்றும் அதே இடத்தில் அடுக்கப்பட்டிருக்கிறது, எச்சரிக்கை அட்டை எதுவும் இல்லை. புதிதாகத் தோட்டம் போடும் ஒருவர் விலையைப் பார்த்து அதைத்தான் முதலில் எடுப்பார். இதைக் கடை திருத்திக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

சுட்டமண் விலை சற்றுக் கூடுதல், தூக்கிச் செல்லவும் பாரமானது. ஆனால் சுடும்போது களை விதைகளும் கிழங்குகளும் வேர்ப்புழுக்களும் அழிந்துவிடுகின்றன. பொலபொலவென்ற சிறு கட்டிகளாக இருப்பதால் பெருமழையிலும் தண்ணீர் தேங்காமல் இறங்கிவிடுகிறது. சத்து அதில் குறைவு என்பதால், சுட்டமண்ணையும் தொட்டிக்கலவையையும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி சேர்த்துப் பயன்படுத்துகிறேன். இந்தக் கடையில் பணத்துக்கு மிகுந்த மதிப்புள்ள பொருள் எது என்று கேட்டால் செடிகளையெல்லாம் விட்டுவிட்டு இந்தச் சுட்டமண்ணைத்தான் சொல்வேன்.

அடுத்து, செடிகளின் ஆயுள் பற்றிய சீட்டுகள். வெளிநாட்டு விதை நிறுவனங்கள் அச்சடித்த வண்ணச் சீட்டுகளையே தொட்டிகளில் செருகி வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஓராண்டுச் செடி, பல்லாண்டுச் செடி என்ற பகுப்பு உறைபனி விழும் நாடுகளுக்காக எழுதப்பட்டது. நித்தியகல்யாணியையும் கோலியஸையும் அந்தச் சீட்டுகள் ஓராண்டுச் செடி என்கின்றன. அங்கே குளிரில் அவை மடிந்துவிடுவதால் அப்படிச் சொல்கிறார்கள். இங்கே அவற்றைக் கொல்லக் குளிர் இல்லை. பூங்கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிட்டால் கோலியஸ் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது, வயதானால் ஒரு குச்சியை ஒடித்து நட்டால் மறுபடியும் இளமையாகிறது. நித்தியகல்யாணியும் அப்படியே, ஆனால் வேரில் தண்ணீர் நின்றால் தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். மாறாக, இதமான காலநிலையில் மாதக்கணக்கில் பூக்கும் பெட்டூனியா, இரவிலும் வெப்பம் தணியாத இந்த ஊரில் சில வாரங்களிலேயே மெலிந்து நீண்டு களைத்துப்போகிறது. அதை அவ்வளவு விலை கொடுத்து வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உண்மையிலேயே ஓராண்டுச் செடிகள், அதாவது பூத்து விதைத்து ஆயுளை முடித்துக்கொள்பவை, இங்கேயும் உண்டு. துலுக்கச் சாமந்தி, கோழிக்கொண்டை, ஜினியா ஆகியவை அந்த வகை. இவற்றை மொட்டு நிலையில் வாங்குவதே சரி. கடையில் முழுப்பூவாக நிற்பது தன் வாழ்நாளின் பாதியைக் கடையிலேயே கழித்துவிட்டது என்று பொருள். ஜினியாவை வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்பு வாங்கியவர்கள் இலைப்புள்ளி நோயால் வருந்துவதைச் சமூகத் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். பிப்ரவரி மாத வறண்ட நாள்களில் அது நன்றாக வருகிறது. இந்தப் பருவக் குறிப்புகளைக் கடை தானே ஒரு பலகையில் எழுதி வைக்கலாம்.

சீனப் புத்தாண்டை ஒட்டிக் கடை முழுவதும் நிரம்பும் சாமந்தித் தொட்டிகளைப் பற்றி அடிக்கடி கேள்வி வருகிறது: அவ்வளவு அழகாக வந்த செடி ஏன் மறுமுறை அப்படிப் பூப்பதில்லை? சாமந்தி, இரவு நீளும்போது மொட்டு விடும் செடி. சிங்கப்பூரில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது, மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் 9 நிமிட அளவே வேறுபாடு. அது மொட்டு விட 12 மணி நேர இரவே போதும் என்பதால், இங்கே வெட்டிவிட்ட சாமந்தி, உயர்ந்து புதராவதற்கு முன்பே மொட்டு விட்டுவிடுகிறது. தொழில்முறையில் வளர்ப்பவர்கள் இரவில் விளக்கெரித்து அதை முதலில் வளரவிட்டு, பிறகு விளக்கை நிறுத்திப் பூக்க வைக்கிறார்கள். வீட்டுத் தாழ்வாரத்தில் அதே புதரை எதிர்பார்க்க இயலாது. பண்டிகைக்கான பூங்கொத்தாகவே கருதி அதை வாங்கலாம். ஆன்ட்டி இதை வாடிக்கையாளர்களிடம் வெளிப்படையாகவே சொல்கிறார், அதற்காக அவரை மதிக்கிறேன்.

இங்கே நான் வாங்கியவற்றுள் மிகச் சிறந்தது கனகாம்பரம். சாதாரண ஆரஞ்சு வகையும், இதழ் அகன்ற டெல்லி கனகாம்பரமும் கிடைக்கின்றன. இரண்டும் பல்லாண்டுச் செடிகள், காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் தாழ்வாரத்துக்குப் பொருத்தமானவை. சாதாரண வகையின் காய்ந்த காய் மழைநீர் பட்டதும் வெடித்து விதை தெறிக்கும், அதனால் பக்கத்துத் தொட்டிகளிலும் நாற்றுகள் தாமாகவே கிடைக்கும். டெல்லி வகை விதை பிடிக்காது, குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அந்தத் தம்பி கேட்காமலேயே விளக்கினார். அதோடு, “உங்க தாழ்வாரம் எந்தத் திசையைப் பார்க்குது அக்கா?” என்றும் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால், வடக்கு நோக்கிய தாழ்வாரத்துக்கு ஆண்டின் நடுமாதங்களிலும், தெற்கு நோக்கியதற்கு ஆண்டிறுதியிலும் தொடக்கத்திலுமே நேரடி வெயில் விழுகிறது. மல்லிகையைப் போல வெயில் அதிகம் கேட்கும் செடி, ஒரு பருவத்தில் பூத்துக் குலுங்கி மறு பருவத்தில் வெறும் இலையாக நிற்பதற்கு இதுவே காரணமாகிறது. கனகாம்பரத்துக்கு வேர்முடிச்சு உண்டாக்கும் நூற்புழுத் தொல்லை இருப்பதால், பாத்தியில் நடுபவர்கள் முதலில் அங்கே ஒரு சுற்று துலுக்கச் சாமந்தியை வளர்ப்பது நல்லது. அதன் வேர் அந்தப் புழுக்களைக் குறைக்கிறது.

களைக்கும் செடியின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் தெளிவாகிறது. பாத்தி முழுவதும் ஓராண்டுச் செடிகளை நட்டால், அவை முடிந்ததும் மண் வெறுமையாகிறது. அந்த இடைவெளி களைக்கு நாம் எழுதிக் கொடுக்கும் பட்டா. பல்லாண்டுச் செடிகளை அடிப்படையாக வைத்து, பென்டாஸ், கனகாம்பரம், இட்லிப்பூ ஆகியவை மண்ணை நிழலால் மூடிய பிறகு, ஓரங்களில் மட்டும் பருவத்துக்கொரு ஓராண்டுச் செடியை மாற்றி மாற்றி நட்டால் களையெடுக்கும் வேலை வெகுவாகக் குறைகிறது. கடைக்காரர்கள் பூத்து நிற்கும் ஓராண்டுச் செடிகளை வாசலிலும், பூக்காமல் நிற்கும் பல்லாண்டுச் செடிகளைப் பின்புறத்திலும் வைத்திருக்கிறார்கள். வியாபாரத்துக்கு அது வசதியாக இருக்கலாம், வாங்குபவர் பின்புறத்திலிருந்து தொடங்குவதே நன்மை.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முனை பிளந்த களைக்குத்தி, மூக்கிரட்டை போன்ற ஆணிவேர்க் களைகளை முறியாமல் கிளப்புகிறது, வாங்கலாம். கோரைக்கு அது உதவாது. வளைந்த அலகுள்ள சிறிய களைக்கொத்து மேலோட்டமான களைக்கு நல்லது, ஆனால் இங்கே கிடைப்பதன் மரப்பிடி ஈரத்தில் ஊறித் தளர்ந்துவிடுகிறது. களைத்தடுப்புத் துணியில் மெல்லியதைத் தவிர்த்து நெய்த வகையை எடுக்க வேண்டும். களைக்கொல்லி மருந்துகளை நான் வாங்கவில்லை, தொட்டியிலும் பலர் கூடிப் பழகும் சமூகத் தோட்டத்திலும் அவற்றுக்கு இடமில்லை என்பது என் உறுதியான கருத்து.

பிடுங்கிய கீழாநெல்லியையும் குப்பைமேனியையும் மருந்துக்காகக் கேட்டு வாங்கிச் செல்லும் பெரியவர்கள் எங்கள் தோட்டத்துக்கு வருவதுண்டு. அவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. கீழாநெல்லியைப் போலவே தோற்றமளிக்கும் வேறு இனங்களும் இங்கே முளைக்கின்றன, கடையிலிருந்து வந்த தொட்டியில் எந்த மருந்து தெளிக்கப்பட்டிருந்தது என்பதும் நமக்குத் தெரியாது.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை இந்தக் கடை இலவசமாகத் தருகிறது. டெங்கிக் கொசு அதில் தேங்கும் நீரில் முட்டையிடும் என்பதால் நான் அவற்றை வாங்கிக்கொள்வதில்லை. தட்டு வேண்டுமென்பவர்கள் நீரைத் தவறாமல் கொட்டிவிட வேண்டும், இறுகிப்போன மேல்மண்ணையும் கிளறிவிட வேண்டும், ஏனெனில் இறுகிய மண்ணின் மேல் நிற்கும் நீரிலும் கொசு பெருகும். மண்ணைக் கிளறும் அந்த வேளையிலேயே முளைவிடும் களைகளும் வேரோடு வந்துவிடுகின்றன.

விலையில் இந்தக் கடை நடுத்தரமானது. சிறிய பூந்தொட்டிகள் சில சிங்கப்பூர் வெள்ளிக்குள் கிடைக்கின்றன, டெல்லி கனகாம்பரம் மட்டும் சற்றுக் கூடுதல். வீட்டுக்கு அனுப்பும் சேவை உண்டு, ஆனால் அனுப்பும் தொட்டிகளை அவர்களே தேர்ந்தெடுப்பதால் மண்ணுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துகிறேன். செடியை நேரில் போய், தொட்டியைத் தூக்கி அடித்துளையைப் பார்த்து, மேல்மண்ணைக் கிளறிப் பார்த்து எடுப்பதே சரி. வார இறுதியில் வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது கடினம், பணியாளர்களுக்கும் பேச நேரம் இருக்காது. வார நாள் காலையில் போனால், மேசைகளுக்குத் தண்ணீர் விட்டு முடித்த பிறகு, அந்தத் தம்பி நம்மோடு நின்று ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துத் தருவார்.